அங்க்காவா, க்வாட்ரிலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவ மொழிபெயர்ப்பு பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். நான் பிசியோதெரபி மாணவன். இடுப்பு மூட்டுத் தேய்மான வலியை அளக்கும் 'ஐகோப்' கேள்வித்தாளைப் போர்த்துகீசுக்குக் கொண்டுபோனது பற்றி எங்கள் வகுப்பில் பேச்சு வந்தது. மொத்தமே 11 கேள்விகள். அதற்கு இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, வேறு இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, ஒரு குழு உட்கார்ந்து பேசி, கடைசியில் நோயாளிகளிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிட மாட்டாரா? திருப்பி மொழிபெயர்த்ததில் ஆங்கில மூலம் அப்படியே வந்துவிட்டால் போதாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாலைகூட வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். ஆனால் 'இடுப்பு' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்வார்.

போர்த்துகலில் இடுப்பு மூட்டுக்கு 'அங்க்கா' என்று பெயர். பிரேசிலில் 'க்வாட்ரில்'. பிரேசில்காரரிடம் அங்க்கா என்றால் அவருக்குக் குதிரையின் பின்பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அங்க்கா என்று போட்ட தாளை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் 'ஹிப்' என்றுதான் வரும். குழு நிம்மதியாகக் கையெழுத்துப் போடும். சாவோ பாவ்லோவில் ஒரு பாட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு முழிப்பார். திருப்பி மொழிபெயர்ப்பது, மூலத்தோடு ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் காட்டும். படிப்பவருக்குப் புரிந்ததா என்பது அதில் தெரியாது. சொல்லப்போனால், வார்த்தைக்கு வார்த்தை செய்த மொழிபெயர்ப்புதான் அந்தச் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும்!

சரி, க்வாட்ரில் என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா? பிரேசிலில் பேச்சு வழக்கில் இடுப்புக்கு 'காடெய்ராஸ்' என்றும் சொல்வார்கள். நேர்ப்பொருள் நாற்காலிகள். அந்த 'நாற்காலி வலி' பல நேரம் முதுகின் கீழ்ப்பகுதி வலியாகவும் இருக்கும். (நாம் சிரிக்க வேண்டாம். 'இடுப்பு வலி' என்று சொல்லிவிட்டு நாமும் கையைக் கொண்டுபோவது அங்கேதான்.) ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். ஆக, 'சென்ற வாரம் உங்கள் இடுப்பில் வலி இருந்ததா' என்று கேட்டால், நிஜமாகவே மூட்டு தேய்ந்தவர் 'இல்லை' என்று சொல்லவும் வாய்ப்புண்டு. அவர் பொய் சொல்லவில்லை.

ஐகோப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த கிலியன் ஹாக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் இதை வெளியிட்டார்கள். நோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டபோது இரண்டு விதமான வலி வெளிவந்தது. ஒன்று, விடாமல் கூடவே இருக்கும் மந்தமான வலி. இன்னொன்று, எப்போது வரும் என்றே தெரியாமல் வந்து தாக்கிவிட்டுப் போகும் கடும் வலி. பலரை வீட்டோடு முடக்கியது இரண்டாவதுதான். அதனால்தான் விடாத வலிக்கு 5 கேள்வி, வந்துபோகும் வலிக்கு 6 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 44, அதை 100க்கு மாற்றிக்கொள்வார்கள். இந்தப் பிரிவு படிப்பவருக்கு விளங்கவில்லையென்றால் ஒரே வலியை இரண்டு பகுதியிலும் எழுதிவிடுவார். மொத்த மதிப்பெண் ஏறிவிடும், வலி ஏறியிருக்காது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, நோயாளியிடம் கொடுத்துவிட்டு 'என்ன புரிந்தது' என்று கேட்பது. கேள்வித்தாள்களை வேறு மொழிக்குக் கொண்டுபோவது பற்றி 2000இல் வந்த, பலரும் பின்பற்றும் வழிகாட்டி இதற்கு 30 முதல் 40 பேர் வரை வேண்டும் என்கிறது. அதை எழுதிய நால்வரில் மார்கோஸ் ஃபெராஸ் பிரேசில்காரர் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. அப்புறம் புள்ளியியல் வேலை இருக்கிறது: அதே ஆளிடம் சில நாள் கழித்துக் கேட்டால் அதே பதில் வருகிறதா, பழைய அளவைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதை உங்கள் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள்.

மூட்டுத் தேய்மானத்துக்கான வோமாக் தாளில் குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது பற்றி ஒரு கேள்வி உண்டு. பிரேசிலில் பெரும்பாலான வீடுகளில் ஷவர்தான், தொட்டி இல்லை. அங்கே எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் அந்தக் கேள்வி வீண். கழிப்பறைக் கோப்பைக்குப் போர்த்துகலில் 'சனீட்டா', பிரேசிலில் வேறு சொல். 1990இல் போர்த்துகீசு நாடுகள் எழுத்துமுறை ஒப்பந்தம் போட்டு எழுத்துக்கூட்டலைத்தான் பெருமளவு ஒன்றாக்கின. சொற்கள் அவரவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. மரியாதையும்தான்: பிரேசிலில் சாதாரணமாகப் புழங்கும் 'வொசே' என்ற விளியைப் போர்த்துகலில் முதியவர் ஒருவரிடம் போட்டால் முகம் சுளிப்பார்.

எனவே ஒரே போர்த்துகீசுத் தாளை லிஸ்பனுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். வகுப்பில் அந்தத் தாளை அடுத்த முறை எடுத்தால், எந்த நாட்டுப் பதிப்பு என்று கேளுங்கள். முன்னோட்டத்தில் எத்தனை நோயாளிகள் எந்த வரியில் தடுக்கினார்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்.