சிறிய மண் அணை என்றால் ஆபத்தும் குறைவா?

நுவரெலியாவில் தேயிலைத் தோட்டமொன்றிலுள்ள 4 மீற்றர் உயரத் தனியார் மண் அணை நல்ல நிலையில் இருப்பதால், அதைக் குறைந்த ஆபத்து வகையில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காரணத்தால் சேர்க்க முடியாது. ஆபத்து வகை அணையின் உறுதியை அன்றி, அது உடைந்தால் கீழே நேரக்கூடிய இழப்பையே குறிக்கிறது. ஓடையோரத்தில் ஒரேயொரு லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருந்து, அங்கு உயிரிழப்பு நேரலாம் எனில், அணை எவ்வளவு சிறியதாயினும் அது உயர் ஆபத்து வகைதான். செங்குத்தான மலைச்சரிவில் தப்பியோடவும் நேரம் கிடைக்காது. உறுதி என்பது தனிக் கேள்வி. நெடுங்காலம் நின்ற கந்தளாய்க் குளத்தின் மண் அணையே 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து 100 பேருக்கு மேல் பலிகொண்டது. அணையின் வான் (மிகைநீர் வழிந்தோடும் வழி) பெருமழை நீரை வெளியேற்றப் போதுமா, அணைக்கட்டினுள் மரவேர்கள் இறங்கியுள்ளனவா, கசிவு கலங்கி வருகிறதா (தெளிந்த கசிவைவிட இதுவே அஞ்சத்தக்கது, உள்ளே மண் அரிபடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்) என்பவற்றைப் பருவமழைக்கு முன்பே பொறியியலாளர் ஒருவரைக்கொண்டு பரிசோதியுங்கள்.