சட்டம் எந்தப் படியில் வழுக்கியது? - சேலம் வாசகர்களுக்குத் திரைப்படப் பதில்கள்

குற்றம் செய்துவிட்டுத் தப்பியவனை நாயகனே தேடிப்போய்த் தண்டிக்கும் கதையைப் படமாக்க நினைக்கும் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் கந்துவட்டிக் கொடுமையால் தற்கொலை செய்துகொள்கிறார். அவருடைய தம்பி, காரணமான மூன்று பேரைக் கொல்கிறான். கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் 'ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கு' என்கிறார்கள். எங்கே குறை?

தம்பியின் கோபத்தில் குறை இல்லை. அவன் கத்தியை எடுப்பதற்கு முன் சட்டம் எந்தப் படியில் வழுக்கியது என்பதை நீங்கள் காட்டவில்லை. 'போலீஸ் விலைபோயிடுச்சு' என்ற ஒரே வசனத்தில் தாண்டிப் போகிறீர்கள். அந்த வசனத்தை ஐம்பது படங்களில் கேட்டாயிற்று.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிறகு எப்படி ஒருவன் தப்பிக்கிறான்? காசோலை வழியாக.

அண்ணன் வாங்கியது 40,000 ரூபாய். வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட காசோலை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். தகராறு வந்ததும் வட்டிக்காரன் அதில் ஆறு லட்சம் என்று நிரப்பி வங்கியில் போடுகிறான். கணக்கில் பணம் இல்லை என்று திரும்புகிறது. அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்கு. பதிவுத் தபாலைப் பார்த்துப் பயந்துபோய் அண்ணன் வாங்க மறுக்கிறார் என்று வையுங்கள். சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தாலும், அது அவர் கையில் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். தபால்காரர் வாசலில் நிற்கும் அந்த ஒரு நிமிடம் உங்கள் படத்தின் மிக முக்கியமான காட்சியாக ஆகலாம்.

வழக்கு வந்ததும், கையெழுத்து தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் காசோலை தரப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே யாரும் லஞ்சம் வாங்கவில்லை. தபால்காரர், வங்கி ஊழியர், நீதிபதி எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். அப்படியும் ஒரு மனிதன் செத்துப்போனான். பார்ப்பவர் வயிற்றைக் கலக்குவது இதுதான்.

இன்னொன்று. தம்பி குறைந்தது இரண்டு கதவுகளையாவது தட்ட வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைக்கிறது, எஃப்.ஐ.ஆர். போடவில்லை. மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். 'ஏன் கோர்ட்டுக்குப் போகலை?' என்று பார்வையாளர் ஒருமுறை நினைத்துவிட்டால், அடுத்து வரும் மூன்று கொலைகளுக்கும் அவர் தம்பி பக்கம் நிற்கமாட்டார். முதல் கொலை இடைவேளைக்குச் சற்று முன்னால் வந்தால் போதும். அதற்குமுன் உள்ள ஒரு மணி நேரத்தை இந்தக் கதவுகளுக்குக் கொடுங்கள்.

அம்மாப்பேட்டை வாசகி: கிளைமாக்ஸில் நாயகன் இன்ஸ்பெக்டரிடம் எல்லாக் கொலைகளையும் ஒப்புக்கொள்கிறான், தண்டனை பெறுகிறான். இது சரியா? காவல்துறைக் காட்சிகளில் வழக்கமாக நடக்கும் பிழைகள் என்ன?

காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 23ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 'கத்தியை மூக்கனேரியில் போட்டேன்' என்று அவன் சொல்ல, ஏரியில் தேடிக் கத்தி கிடைத்தால், கத்தி இருந்த இடம் அவனுக்குத் தெரியும் என்பது சாட்சியம். 'நான்தான் கொன்றேன்' என்பது சாட்சியம் ஆகாது. நம் ஊரில் இப்படிப் பொருள் கைப்பற்றும்போது பெரும்பாலும் வி.ஏ.ஓ.வைச் சாட்சியாக வைத்து, எங்கே எதைக் கைப்பற்றினோம் என்று மகஜர் எழுதுவார்கள். படங்களில் இந்த வி.ஏ.ஓ. வருவதே இல்லை. அவரைக் கொண்டுவந்தாலே காட்சிக்கு மண்வாசனை வந்துவிடும். பிறகு கூண்டில் ஏறி அவர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சி ஆனால் கதையே திரும்பும்.

வசனத்தில் பிரிவு எண் வந்தால் கதை நடக்கும் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து கொலைக்குத் தண்டனை சொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 103. அதற்கு முந்தைய சம்பவம் என்றால்தான் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 302. கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலை போன்ற கடும் குற்றத்தில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். மற்றவற்றில் 60 நாள். வில்லனை வெளியே விட வேண்டுமா? 91ஆம் நாள் காலை ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் ஆய்வக அறிக்கை வராமல் குற்றப்பத்திரிகை பாதியில் கிடப்பதைக் காட்டுங்கள். அமைச்சரின் தொலைபேசி அழைப்பைவிட இது நம்பும்படி இருக்கும்.

நாயகனுக்குத் தற்காப்பு வாதம் வைக்கவே கூடாது. காவல்துறை உதவியை நாட நேரம் இருந்தவருக்கு அந்த உரிமை கிடையாது. நாள் குறித்துக் காத்திருந்து கொன்றவனுக்கு நேரம் நிறையவே இருந்தது.

கன்னங்குறிச்சி வாசகர்: ஏற்காடு மலைப்பாதையில் இரவுத் துரத்தல் காட்சி எடுக்க வேண்டும். பட்ஜெட் குறைவு.

சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தும் சுற்றுலா வண்டியும் போகும் சாலை, இருபுறமும் காடு. மாவட்ட நிர்வாகம், காவல்துறை, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். பட்ஜெட் குறைவு என்றால் மலைமேல் தனியார் காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் சாலையை உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பயன்படுத்துங்கள். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்பதால் முகப்பு விளக்கு பட்டதும் வேகம் தானாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் கேட்காதீர்கள். அது பழம் பறிக்கும் காலம், தோட்டத்தில் ஆள்நடமாட்டம் இருக்கும். இரவில் காட்டெருமை குறுக்கே வரும். வளைவுக்கு அப்பால் வாக்கி-டாக்கியோடு ஒருவர் நிற்காமல் எந்த டேக்கும் வேண்டாம்.

வண்டி 30, 35 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கேமராவைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் தாழ்த்தி, அகல லென்ஸ் போட்டு, நொடிக்கு 22 பிரேமில் எடுத்தால் 24இல் ஓட்டும்போது ஒன்பது சதவீதம் வேகம் கூடும். அதற்குக் கீழே போனால் மனிதர்களின் அசைவு கேலிச்சித்திரம் போலாகிவிடும். ஒரே இறக்கத்தைப் பத்து முறை பிரேக்கிலேயே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறக்குங்கள். ஐந்து டேக்குக்கு ஒருமுறை வண்டியை ஆறவிடுங்கள்.

பனிமூட்டம் வேண்டுமென்றால் விளக்கு பனிக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். குளிரில் இருந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள்ளோ கீழே சேலத்துக்கோ கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

குகை வாசகர்: கடையில் வாங்கும் சினிமா ரத்தம் ஆரஞ்சு நிறமாகத் தெரிகிறது. நாமே செய்ய முடியுமா?

முடியும். முக்கியப் பொருளான லிக்விட் குளுக்கோஸ், மரவள்ளி மாவு ஆலைகள் நிறைந்த சேலத்தில் எளிதாகக் கிடைக்கும். அரைக் கிலோ குளுக்கோஸுக்கு 120 மில்லி வெந்நீர். வெந்நீரில் முதலில் சிவப்பு உணவு நிறப்பொடி ஒரு தேக்கரண்டி, கோகோ இரண்டு தேக்கரண்டி போட்டுக் கட்டி இல்லாமல் கரைத்து, பிறகு குளுக்கோஸில் ஊற்றுங்கள். நேரடியாகப் பொடியைப் போட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். கடைசியில் நீல நிறம் இரண்டு சொட்டு. ஆரஞ்சை அடக்குவது அதுதான். எந்த விளக்கில் எடுக்கிறீர்களோ அதே விளக்கின் கீழ், அதே கேமராவில் பார்த்து அளவைத் திருத்துங்கள். காய்ந்த ரத்தத்துக்குக் கோகோவை இரட்டிப்பாக்கித் தூரிகையால் பூசலாம்.

ஏற்காட்டுக் குளிரில் இது தேன்போல இறுகும். புட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். எறும்பு வரும், ஈ வரும், இரண்டாம் நாள் புளிக்கும். அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். தோலில் முதலில் தேங்காய் எண்ணெய் தடவினால் கறை தங்காது. துணியில் தங்கும். அதனால் ரத்தம் படும் சட்டையில் ஒரே மாதிரி குறைந்தது நான்கு வேண்டும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் கறையைப் படம்பிடித்து வையுங்கள். கண்ணில் மட்டும் படக்கூடாது.

பொன்னம்மாப்பேட்டை வாசகர்: விசைத்தறிக் கூடத்துக்குள் ஒரு கொலை. டியூப்லைட் வெளிச்சம் விட்டுவிட்டு எரிவதுபோல் பதிவாகிறது. வசனமும் கேட்கவில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 பிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 வையுங்கள். கோண அளவில் 172.8 டிகிரி. 22 பிரேம் என்றால் 158.4. எல்.இ.டி. விளக்கில் இதற்குப் பிறகும் பட்டை தெரிந்தால் விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

தறி ஓடும்போது வசனம் எழுதியதே பிழை. கத்தினாலும் அடுத்தவருக்குக் கேட்காத இடம் என்பதால்தானே கொலையாளி அங்கே வருகிறான்! வசனத்தை எடுத்துவிடுங்கள். ஓடும் தறியைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள், நிறுத்திய கூடத்தின் அமைதியை ஒரு நிமிடம். தறிகள் ஒவ்வொன்றாக நிற்க நிற்க, பக்கத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்க்கட்டும்.

அஸ்தம்பட்டி வாசகர்: குற்றப்படம் எடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

டி.ஆர். சுந்தரம் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது நம் ஊரில்தான். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னமும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. துப்பறியும் கதைகளும் அவற்றில் உண்டு. எழுத்தும் படப்பிடிப்பும் இங்கேயே நடக்கலாம். ஒலிக்கலவைக்கு மட்டும் சென்னை போங்கள்.

ஏற்காடு வாசகி: மூன்று கொலை இருந்தால் 'ஏ' சான்றிதழ்தானா?

கொலைகளின் எண்ணிக்கையை வைத்து முடிவாவதில்லை, காட்டும் விதம்தான் கணக்கு. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கும் யு.ஏ. வயதுவாரியாக மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. 'ஏ' வாங்கிய படத்தைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது. மாற்றி மறுசான்றிதழ் பெற வேண்டும், அதனால் தொலைக்காட்சி உரிமை விலையும் குறையும். வன்முறையை நியாயப்படுத்துவது, குற்றம் செய்யும் முறையைக் கற்றுக்கொடுப்பதுபோல் காட்டுவது, இரண்டையும் வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. ஆகவே கத்தி இறங்கும் ஷாட்டையும், இறங்காமல் முகத்தில் மட்டும் நிற்கும் ஷாட்டையும் ஒரே நாளில் எடுத்துவையுங்கள். வெட்டச் சொன்னால் மாற்றிப் போடலாம். பிறகு ஆளையும் வெளிச்சத்தையும் திரும்பச் சேர்ப்பது முடியாத காரியம்.

உங்கள் கதையில் தோட்டத்து நாய் ஒன்று பிணத்தைக் கண்டுபிடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் அந்தக் காட்சியையே இழக்க நேரலாம்.