மாடு ஏன் சுவரை நக்குகிறது? – கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் கறவைப் பசு சுவரை நக்குகிறது. பக்கத்து மாட்டின் மூத்திரத்தைக்கூட விடுவதில்லை.

பதில்: பெரும்பாலும் சோடியக் குறைதான். புல்லிலும் வைக்கோலிலும் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். பாலோடும் கொஞ்சம் போய்விடும். உடலில் சோடியம் குறைந்தால் சிறுநீரகத்தை ஒட்டிய அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை விடும். சிறுநீரிலும் எச்சிலிலும் போகிற சோடியத்தை அது மிச்சம் பிடிக்கும். ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோனோடு சேர்ந்து மூளையில் உப்பு ஆசையையும் கிளப்பும். 1936ல் கர்ட் ரிக்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அட்ரீனலை அகற்றிய எலிகளுக்கு உப்புத் தண்ணீர் வைத்தார். சாகவேண்டியவை தாமாகவே நிறையக் குடித்துப் பிழைத்தன. கென்யாவின் எல்கான் மலையில் யானைகள் 'கிட்டும்' என்ற பெயருடைய குகையின் இருட்டுக்குள் போய்த் தந்தத்தால் பாறையைப் பெயர்த்துத் தின்பதும் இதே பசியால்தான். தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஆடும் நக்குகிறது.

பதில்: மேலே உள்ளதுதான். தண்ணீரை மறக்காதீர்கள்.

கேள்வி: ஒட்டகத்தின் திமிலில் தண்ணீரா?

பதில்: கொழுப்பு.

கேள்வி: உப்புத் தின்றால் வரும் தாகமும் கழிச்சலில் வரும் தாகமும் ஒன்றா?

பதில்: நல்ல கேள்வி. ஒன்றல்ல. இரத்தத்தின் உப்புச் செறிவு 1, 2 சதவீதம் கூடினாலே மூளையின் உணர்செல்கள் சுருங்கித் தாகத்தை எழுப்பும். 1950களில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் ஆட்டு மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் துளி உப்புக் கரைசலைச் செலுத்தினார். தாகமே இல்லாத ஆடு குடிக்க ஆரம்பித்துவிட்டது. கழிச்சலில் தண்ணீரோடு உப்பும் போகிறது, இரத்தத்தின் அளவே குறைகிறது. அதற்கு வெறும் தண்ணீர் போதாது.

கேள்வி: எது குறைகிறதோ அதை மாடே தேடித் தின்னும் என்பார் தாத்தா. பிறகெதற்குக் கட்டி?

பதில்: தாத்தா சொன்னது சோடியத்துக்குச் சரி. தாமிரமோ கோபால்ட்டோ குறைந்தால் மாட்டுக்கு அப்படித் தெரிவதில்லை.

கேள்வி: பாஸ்பரஸ் குறைந்த மாடு எலும்பைக் கடிக்கிறதே?

பதில்: கடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். கட்டையையும் துணியையும் சேர்த்தல்லவா கடிக்கிறது! அந்த எலும்பிலிருந்து பாட்டுலிசம் என்ற நச்சு நோயும் வரலாம். மாட்டின் அறிவை நம்பி விடாதீர்கள்.

கேள்வி: எருமை நக்கினால்?

பதில்: ஐயா, மேலே படியுங்கள்.

கேள்வி: பன்றிக் கொட்டகையில் குழாய் அடைத்து இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. ஒன்று வலிப்பு வந்து கிடக்கிறது. தொட்டியை நிரப்பட்டுமா?

பதில்: வேண்டாம்! தண்ணீர் இல்லாததால் உடலில் உப்பு மிஞ்சிப்போன உப்பு நஞ்சாக இது இருக்கலாம். மொத்தமாகக் குடித்தால் மூளை வீங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரை இப்போதே கூப்பிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.