மோபி டிக்: கேட்டார்கள், சொன்னேன்

தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கலத்தைப் பழிவாங்கக் கப்பலோடு துரத்தும் கேப்டன் ஏஹாபின் கதை ‘மோபி டிக்’. அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் இந்த நாவல் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இந்த நாவல் வெளிவந்தபோது தோற்றுப்போனதாமே?

பதில்: ஆமாம், அதில் அச்சகத்துக்கும் பங்குண்டு. 1851 அக்டோபரில் லண்டனில் ‘திமிங்கலம்’ என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக வந்தபோது முடிவுரை விடுபட்டிருந்தது. சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு, கதையைச் சொல்லும் மாலுமி இஷ்மயேல் உயிர் பிழைப்பது அந்தப் பக்கத்தில்தான். கப்பலே மூழ்கியபின் கதை சொல்ல மிஞ்சியவன் யார் என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாத நியூயார்க் பதிப்பில் முடிவுரை இருந்தது. ஆனால் லண்டன் மதிப்புரைகளை அமெரிக்கப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப்போட்டன. மெல்வில் வாழ்ந்த காலத்தில் விற்றது மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகள். 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க் சுங்கத்துறையில் வேலை பார்த்தார்; 1891இல் இறந்தார். 1919இல் அவருடைய நூற்றாண்டு வந்தபோதுதான் விமர்சகர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். முதல் உலகப்போரைப் பார்த்த தலைமுறைக்கு, ஒருவன் வெறிக்குக் கப்பலே பலியாவது அந்நியமாகத் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: நல்ல சுருக்கப் பதிப்பு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: அப்படி ஒன்று கிடையாது. சுருக்கினால் மிஞ்சுவது வேட்டைக்கதை மட்டுமே.

கேள்வி: வெள்ளைத் திமிங்கலம் எதன் குறியீடு?

பதில்: 42ஆம் அத்தியாயத்தில் இஷ்மயேலே வெண்மையை விளக்கப் பார்த்துத் திணறுகிறான். ஒரு சொல்லில் விடை கேட்காதீர்கள்.

கேள்வி: திமிங்கல வகைகளைப் பட்டியலிடும் 32ஆம் அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா? திமிங்கலம் மீன் என்கிறார். தவறான அறிவியல் எதற்கு?

பதில்: அது அறியாமை அல்ல, குறும்பு. உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் திமிங்கலத்தை மீனினத்திலிருந்து பிரித்ததை எடுத்துக் கூறிவிட்டுத்தான், தன் கட்சிக்குச் சாட்சியாக பைபிளில் பெரிய மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியை அழைக்கிறான் இஷ்மயேல்! திமிங்கலங்களைப் புத்தக அளவுகளைப்போலப் பெரிது, நடுத்தரம், சிறிது எனப் பிரிக்கிறான்; கடைசியில் வேலையை முடிக்காமலே கைவிடுகிறான். அளந்து அடக்கிவிடலாம் என்ற மனித நம்பிக்கைக்கு அங்கேயே குட்டு விழுகிறது.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை நகரவே இல்லையே.

பதில்: 72ஆம் அத்தியாயமும் தொழில் விவரம்தான், படித்துப் பாருங்கள். கப்பலோரம் கட்டிய திமிங்கலத்தின் வழுக்கும் உடல்மேல் இஷ்மயேலின் நண்பனான ஈட்டிக்காரன் குவீக்வெக் தத்தளிக்கிறான், சுற்றிலும் சுறாக்கள். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் இஷ்மயேலின் இடுப்பில். அவன் மூழ்கினால் கயிற்றை அறுக்கக்கூடாது, இவனும் கூடவே போகவேண்டும். இந்தக் கயிறு எல்லா வேட்டைக் கப்பல்களிலும் உண்டு, இருவரையும் பிணைத்தது இவர்களுடைய கப்பலான பெக்வாடில் மட்டும்தான் என்று அடிக்குறிப்பு வேறு. இதையும் தாண்டுவீர்களா?

கேள்வி: 72 சரி, 32 வேண்டாம்.

பதில்: தொழிலை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவனின் கண்ணை நமக்குப் பழக்குவது 32தான். உங்கள் பிடிவாதம் ஏஹாபுக்கே பிடித்திருக்கும்.

கேள்வி: உண்மைச் சம்பவமா?

பதில்: 1820இல் பசிபிக்கில் எஸ்ஸெக்ஸ் கப்பலை ஓர் எண்ணெய்த் திமிங்கலம் மோதி மூழ்கடித்தது. மெல்வில்லும் 1841இல் வேட்டைக் கப்பலேறியவர். மற்றதில் பெரும்பகுதி கற்பனை.

கேள்வி: திரைப்படம் போதாதா?

பதில்: சினிமா தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்காவது சுருக்கப் பதிப்பு…

பதில்: வேண்டாம். வளரட்டும், முழுதாகக் கொடுங்கள்.