பக் வருவதற்கு முன் அவன் எங்கே பார்க்கிறான்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நாலு வயதில் ஸ்காபரோவில் ஸ்கேட் கட்டியவன். இப்போது ஓ.எச்.எல். (ஒன்ராறியோவின் ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக்) அணி ஒன்றில் இரண்டாவது வருடமாக டிஃபென்ஸ் ஆடுகிறான். வீட்டிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில், அணி ஏற்பாடு செய்த ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறான். உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம், எடை 172 பவுண்ட், ரைட் ஷாட் (வலது பக்கமாகத் தடி பிடிப்பவன்). இதுவரை 41 ஆட்டங்களில் 2 கோல், 9 அசிஸ்ட். பிளஸ் மைனஸ் கணக்கில் (அவன் பனியில் நிற்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) எட்டு மைனஸ். பவர் ப்ளேயில் (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறையும் நேரத்தில்) இறக்குவதில்லை. பிறந்தநாள் ஆகஸ்ட் கடைசி வாரம். ஜனவரியில் வந்த சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியலில் வட அமெரிக்க வீரர்களில் 150-ஐத் தாண்டி அவன் பெயர் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமளி. கணவர், ஜூனில் டிராஃப்ட் (வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பார்க்க உறவுகளை எல்லாம் கூப்பிட வேண்டும் என்கிறார். என் அண்ணா, பையனின் படிப்பைக் கெடுக்கிறீர்கள் என்கிறார். ஆலோசகர் என்று ஒருவர், 'மூன்றாம் சுற்று நிச்சயம், 3,000 டாலர் தந்தால் வீடியோ செய்து, அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்களிடம் சேர்க்கிறேன்' என்கிறார். எனக்கு ஹொக்கி அரைகுறை. இவனை எடுப்பார்களா? எதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது?
ஒரு தாய், ஏஜாக்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த 3,000 டாலரைக் கொடுக்காதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

ஓ.எச்.எல்.-இல் ஆடும் பையனை ஸ்கவுட்களிடம் 'சேர்க்க' யாரும் தேவையில்லை. என்.எச்.எல். அணிகள் அந்த லீக்குக்கு வருடம் முழுக்க ஆள் அனுப்புகின்றன. ஆட்டங்களின் வீடியோவும் அவர்கள் கையில் இருக்கிறது. மகனின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது என்றாலே அவனைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஏஜென்ட் வேண்டுமென்றால், என்.எச்.எல். வீரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள். அப்படிப்பட்டவர்கள் வழக்கமாக, பின்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில்தான் தங்கள் பங்கை எடுப்பார்கள், தாயின் கைப்பையிலிருந்து அல்ல. அப்புறம், மூன்றாம் சுற்று நிச்சயம் என்று பிப்ரவரியில் அடித்துச் சொல்லக்கூடிய ஆள் அந்த 32 அணிகளுக்குள்ளேயே கிடையாது.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். (சரியான எண்ணை எழுதியிருந்தீர்கள். பையன் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் மழுப்பிவிட்டேன்.) சென்ட்ரல் ஸ்கவுட்டிங் என்பது என்.எச்.எல். தானே நடத்தும் பிரிவு. எந்த அணியும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பட்டியல் உண்டு. அதைவிட முக்கியமான விஷயம், அது ஒரே பட்டியல் அல்ல. வட அமெரிக்காவில் ஆடுபவர்கள் ஒரு பட்டியல், ஐரோப்பாவில் ஆடுபவர்கள் இன்னொன்று, வலையைக் காக்கும் கோலிகள் தனி. டிராஃப்டில் ஏழு சுற்று, சுற்றுக்கு 32 பேர், ஆக மொத்தம் 224 இடம். சுவீடன்காரன், ஃபின்லாந்துக்காரன், கோலிகள், போன வருடம் எடுபடாமல் இந்த வருடம் தேறி வந்தவர்கள் என்று எல்லோரும் அந்த 224-க்குள்தான் அடங்க வேண்டும். அதனால் 150-ஐ 32-ஆல் வகுத்து 'ஐந்தாம் சுற்று' என்று உங்கள் கணவர் போட்டிருக்கும் கணக்கு சரிவராது. பையன் விளிம்பில் நிற்கிறான். ஆறாம், ஏழாம் சுற்றில் ஏதாவது ஓர் அணிக்கு அவனைப் பிடித்துப்போனால் உண்டு. என் கணிப்பைக் கேட்டால், இந்த ஜூனில் எடுபடாமல் போவதற்கே வாய்ப்புக் கூடுதல்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய பிறந்தநாள். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்புகிறவர்கள் அந்த வருட டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிறந்த உங்கள் மகன் இன்னும் மூன்று வாரம் பிந்திப் பிறந்திருந்தால் அடுத்த வருடக் கூட்டத்தில் மூத்தவனாக நின்றிருப்பான். இப்போது இந்த வருடக் கூட்டத்தில் கடைக்குட்டிகளில் ஒருவன். 17 வயதில் பத்து, பதினொரு மாத வித்தியாசம் என்பது தோளிலும் தொடையிலும் அப்படியே தெரியும். ஸ்கவுட்கள் இதைக் கணக்கில் எடுப்பார்கள். 2025-இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த மத்யூ ஷேஃபர், ஒன்ராறியோப் பையன், டிஃபென்ஸ்காரன், பிறந்தது செப்டம்பர் 5. எல்லைக்குப் பத்து நாள் முன்னால்! அந்தப் பருவத்தில் உடல்நலக் குறைவும் கழுத்தெலும்பு முறிவுமாக ஓ.எச்.எல்.-இல் 17 ஆட்டம்தான் ஆடினான். அப்படியிருந்தும் அவனுக்கு முன்னால் யாரையும் கூப்பிடவில்லை. எண்களை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதென்றால் அது நடந்திருக்காது.

எண்கள் என்றதும் உங்கள் 11 புள்ளிகளுக்கு வருகிறேன். நிறையப் புள்ளி எடுக்கும் டிஃபென்ஸ்காரர்களுக்கு அதில் கணிசமான பங்கு பவர் ப்ளேயில் வருவது. ஐந்து பேருக்கு நாலு பேர் நிற்கும்போது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று பாஸ் கொடுத்தாலே அசிஸ்ட் கிடைக்கும். மகன் அங்கே இறங்குவதில்லை என்றால், இந்தப் பதினொன்றும் அநேகமாக ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் உழைத்து வந்தவை. பெரிய எண் இல்லை, ஆனால் கேவலமும் இல்லை. மைனஸ் எட்டை மறந்துவிடுங்கள். அணி தோற்றுக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் மைனஸ்தான். எண் வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்: ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடுகிறான்? பெனால்ட்டி கில்லில், அதாவது தன் அணிக்கு ஆள் குறையும் நேரத்தில், இறக்குகிறார்களா? ஒரு கோல் முன்னணியில் கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது கோச் யாரை அனுப்புகிறார்? அந்த நேரத்தில் உங்கள் மகன் பனியில் இருந்தால், கோச் வாயைத் திறக்காமலே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

உயரம் ஒரு குறைதான். மறைத்துப் பயனில்லை. என்.எச்.எல். டிஃபென்ஸ்காரர்களின் சராசரி ஆறடி இரண்டு அங்குலத்தை ஒட்டி நிற்கிறது. அணிகள் நெடியவர்களுக்குக் கூடுதல் பொறுமை காட்டும். ஆறடிக்குக் குறைந்தவனிடம் 'இதற்குப் பதிலாக உன்னிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கும். லேன் ஹட்சன் 2022-இல் டிராஃப்டுக்கு வந்தபோது ஐந்தடி எட்டு சொச்சம். இன்னும் வளர்வேன் என்று மருத்துவரின் கடிதத்தோடு அணிகளைச் சந்தித்தான், பாவம். 62-ஆவதாக மொன்றியல் எடுத்தது. 2025-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவனுக்கு. ஜாரெட் ஸ்பர்ஜனும் டோரி க்ரூக்கும் ஐந்தடி ஒன்பது. க்ரூக்கை டிராஃப்டில் எவரும் எடுக்கவேயில்லை. மூவருமே பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, கையாளுவதில் கெட்டிக்காரர்கள். உங்கள் மகனுக்குச் சாதகமாக ஒன்று: ரைட் ஷாட் டிஃபென்ஸ்காரர்கள் எப்போதுமே பற்றாக்குறை. இரண்டு பேர் ஏறத்தாழச் சமம் என்றால் வலது பக்கம் ஆடுபவன் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. எதைப் பார்ப்பது?

என் மகன் சின்னவனாக ஆடிய காலத்தில் நானும் ஸ்கோர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கை விறைக்கும் குளிர், பக்கத்தில் ஒரு வயதானவர் கோப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூனியர் அணி ஒன்றின் ஸ்கவுட். ஆட்டம் முழுக்க அவர் பக்கைப் பார்க்கவேயில்லை. பக் ஒரு மூலையில் இருந்தால் அவர் கண் வேறு எங்கோ. முதலில் தூங்குகிறார் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பக் இன்னும் வந்து சேராத ஆளை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். எதிரணி நடுக்கோட்டைத் தாண்டி, பக்கை உங்கள் மகன் பக்கத்து மூலைக்குள் அடித்துவிடுகிறது. அவன் திரும்பி அதை எடுக்கப் போகிறான். முதுகுக்குப் பின்னால் 200 பவுண்ட் ஃபோர்வர்ட் ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். பக்கைத் தொட இன்னும் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடி தலை என்ன செய்கிறது? நல்ல டிஃபென்ஸ்காரன் ஒரு தரம் வலது தோளுக்கு மேலால், மறு தரம் இடது தோளுக்கு மேலால் பார்த்துவிடுவான். துரத்துகிறவன் எந்தப் பக்கத்தால் வருகிறான், ஜோடி டிஃபென்ஸ் எங்கே நிற்கிறான், சென்டர் கீழே இறங்கிவிட்டானா என்ற மூன்றுக்கும், பக் தடியில் படுமுன்பே அவனிடம் பதில் இருக்கும். அப்புறம் இடது பக்கம் போகிறவன் மாதிரித் தோளைச் சரிப்பான், வலது பக்கம் திரும்புவான், ஒரே தட்டில் பாஸ். துரத்தி வந்தவன் கண்ணாடியில் போய் மோதுவான். கூட்டத்தில் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். மேல் வரிசையில் இருக்கும் ஸ்கவுட் மட்டும் குனிந்து எதையோ எழுதுவார்.

தலையைக் குனிந்தபடியே போகிறவன், பக் கிடைத்ததும் பயத்தில் அதைச் சுவரோடு சுற்றி அடித்துவிடுவான். நீலக்கோட்டில் காத்திருக்கும் எதிரணிக்காரனுக்கு அது நேரே போய்ச் சேரும். 'நல்லா வெளியே அடிச்சான்' என்று பெற்றோர் பக்கத்திலிருந்து சத்தம் வரும். பதினைந்து விநாடி கழித்து வலைக்குள் பக் கிடக்கும்.

ஒரு ஆட்டத்தில் இது பத்துப் பதினைந்து தரமாவது நடக்கும். எத்தனை தரம் அமைதியாக ஒரு பாஸில் முடிகிறது, எத்தனை தரம் சுவரோடு அடிக்கிறான் என்று எண்ணினால், எந்த ஆலோசகரும் தராத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, எதிரணி வேகமாக மேலே வரும்போது பின்னோக்கி ஸ்கேட் செய்கிறானே, அப்போது இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடுகிறான் என்பது. ஒரு தடி நீளத்துக்குக் கிட்ட நின்று, நீலக்கோட்டிலேயே வருகிறவனைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கிவிட்டால் அவன் தன் காலை நம்புகிறான் என்று அர்த்தம். பயந்து பயந்து வலை வரைக்கும் பின்வாங்கினால் ஸ்கேட்டிங்கில் எங்கோ கோளாறு. பெரும்பாலும் பின்னோக்கிலிருந்து முன்னோக்குக்குத் திரும்பும் அந்த ஒரு திருப்பத்தில். இது கோடையில் திருத்தக்கூடிய கோளாறு. அந்த 3,000 டாலர் கையை உறுத்தினால் நல்ல ஸ்கேட்டிங் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அவன் பெயர் தகுதியோடுதான் இருக்கும். கோல்டன் பராய்கோவை முதல் வருடம் எவரும் சீண்டவில்லை, அடுத்த வருடம் 86-ஆவதாக செயின்ட் லூயிஸ் எடுத்தது. மார்க் ஜியோர்டானோ ரொறன்ரோப் பையன். அவரை எந்த வருடமும் எவரும் எடுக்கவில்லை. நடுவில் ஒரு வருடம் ரஷ்யாவில்கூடப் போய் ஆடினார். 2019-இல், 35 வயதில், சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான நோரிஸ் விருது வாங்கினார். கரீபியனிலிருந்து வந்து ரொறன்ரோவில் குடியேறிய பெற்றோரின் மகன் பி.கே. சுபான், ஓ.எச்.எல். தேர்விலேயே ஆறாம் சுற்றுக்காரர். அவரும் 2013-இல் அதே விருதை வாங்கினார். இவர்கள் விதிவிலக்குகள், ஒத்துக்கொள்கிறேன். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுகிறவர்களிலேயே பெரும்பாலானோர் என்.எச்.எல்.-இல் நிலைப்பதில்லை. எடுத்தால் அது ஒப்பந்தமும் அல்ல, அந்த அணிக்கு அவன்மேல் முதல் உரிமை, அவ்வளவுதான்.

அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஓ.எச்.எல்.-இல் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகச் செலவு என்ற வகையில் கல்வி உதவி உண்டு. மகனின் ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதியிருக்கிறது, எத்தனை மாதத்துக்குள் படிக்கத் தொடங்க வேண்டும் என்று எடுத்துப் படியுங்கள். முன்பு ஓ.எச்.எல்.-இல் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்டிலிருந்து அதுவும் திறந்திருக்கிறது. 20 வயதில் அங்கே போய் இன்னும் நாலு வருடம் வளரலாம். உயரம் குறைந்த, வயதில் இளைய, பிந்தி வளரும் பையனுக்கு இது மிக நல்ல வழி என்பேன். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வேண்டும். ஆக, அண்ணா சொல்வதும் பிழையில்லை.

கணவருக்கும் ஒரு வார்த்தை. முதல் நாள் முதல் சுற்று மட்டும். மற்ற ஆறும் அடுத்த நாள். நாற்பது பேரைக் கூப்பிட்டு, மட்டன் ரோல்ஸ் பொரித்து வைத்து, ஏழாம் சுற்று முடியும்வரை அந்தப் பையனை நடு ஹோலில் உட்கார வைக்கப் போகிறீர்களா? ஒவ்வொரு பெயர் வரும்போதும் நாற்பது பேரும் டிவியைப் பார்க்க மாட்டார்கள், அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று அவனை நண்பர்களோடு எங்காவது போகவிடுங்கள். எடுத்தால் போன் தானாக வரும். ரோல்ஸை அதற்குப் பிறகும் பொரிக்கலாம்.

அடுத்த முறை ஆட்டத்துக்குப் போகும்போது வழக்கமாக உட்காரும் நடு இருக்கையை விட்டுவிட்டு, வலைக்குப் பின்னால் மூலைப் பக்கம் போய் உட்காருங்கள். போனைப் பையில் வையுங்கள். முதல் பீரியடில் எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தான் என்று ஒரு துண்டில் கோடு போட்டு எண்ணி, எனக்கு எழுதுங்கள்.