ஜூலையில் பார்த்தீர்களா, நவம்பரில் பார்த்தீர்களா?

மலையில் வீடு, மனை, வீட்டுச் சாமான் வாங்குவது பற்றி வந்த கடிதங்களில் சில. நீளமானவை சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எல்லாமே குளிர்ப் பிரதேசம்தானே? விலை எங்கே குறைவோ அங்கே வாங்கிவிடலாம் என்கிறான் மகன். சரியா?
*கே.ஆர்., மடிப்பாக்கம்*

பதில்: சரியில்லை. நான்கும் ஒரே குளிரும் இல்லை, ஒரே மழையும் இல்லை.

முதலில் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130, குன்னூர் 1,850, கோத்தகிரி அதையொட்டி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இரண்டு, மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஆனால் அறுபது வயதுக்கு மேல் விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்து போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். பழனி மலையில் கீழ்ப்பக்கம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று இறங்கினால் காப்பித் தோட்ட உயரம். அங்கே ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கும்.

அடுத்தது மழை. நீலகிரியில் எந்தப் பருவமழை எந்தப் பக்கம் பெய்யும் என்பதை ஏறக்குறைய தொட்டபெட்டா மலைத்தொடர்தான் தீர்மானிக்கிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் பக்கம். 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர் சரிவுகள் மலைக்கு மறுபக்கம். ஜூன், ஜூலையில் அங்கே தூறலும் மூட்டமும்தான். அவர்களுக்கு மழை என்றால் அக்டோபர், நவம்பர். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததும் அந்த மழையில்தான். ஊட்டி இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கொடைக்கானலுக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் கனமழை; சித்திரை வைகாசியில் இடிமழையும் உண்டு. அங்கிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர் என்று போகப் போக மழை குறையும்.

மூன்றாவது, யாரும் கேட்காதது: வீடு எந்தத் திசைச் சரிவில் இருக்கிறது? டிசம்பரில் நடுப்பகலிலேயே சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவில் காலை வெயில் பத்து மணிக்கு மேல்தான் வீட்டைத் தொடும். தெற்கும் கிழக்கும் பார்த்த சரிவில் ஏழரைக்கே சுவர் காய ஆரம்பித்துவிடும். ஒரே தெருவில் மேல் வீட்டுக்காரர் முற்றத்தில் மிளகாய் காயவைப்பார், கீழ் வீட்டுக்காரர் ஜமுக்காளத்தை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பார்.

மகன் சொன்னபடி விலையும் பாருங்கள், ஆனால் கடைசியாக.

கேள்வி: மே மாதம் மூன்று நாள் தங்கினோம். கிளைமேட் அருமை. மறுநாளே மனைக்கு அட்வான்ஸ் கேட்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?
*பெயர் வேண்டாம், சேலம்*

பதில்: வேண்டாம். மே மாதத்தில் எந்த மலையும் அருமைதான். அதே மனையை ஜூலையில் ஒரு தடவையும் நவம்பரில் ஒரு தடவையும் குடை பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும்.

கேள்வி: ஊட்டிக்கு வந்து எட்டு மாதம். டிசம்பரிலிருந்து பிரிட்ஜின் மேல் தட்டில் ஐஸ் உருகி ஒழுகுகிறது, மீன் கெட்டுப்போகிறது. கீழ் தட்டு மட்டும் ஜில்லென்று இருக்கிறது. மெக்கானிக் இரண்டு முறை கேஸ் ஏற்றினார், 4,800 ரூபாய். இப்போது கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்கிறார்.
*ஜெ.எம்., ஊட்டி*

பதில்: கம்ப்ரசரைத் தொட விடாதீர்கள் அம்மா. உங்கள் பிரிட்ஜுக்கு நோய் இருப்பதாகத் தெரியவில்லை. அது ஊருக்குப் பொருந்தாத பிரிட்ஜ், அவ்வளவுதான்.

சாதாரண ஒற்றைக் காயில் (குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) பிரிட்ஜில் வெப்பத்தை அளக்கும் சென்சார் கீழ் அறையில் இருக்கும். அங்கே 4, 5 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் கம்ப்ரசர் ஓடும். இரவில் உங்கள் சமையலறையே 7 டிகிரிக்கு வந்துவிட்டால் கீழ் அறை தானாகவே குளிர்ந்துகிடக்கும். சென்சார் திருப்தியாகிவிடும், கம்ப்ரசர் மணிக்கணக்கில் ஓடாது. மேலே இருக்கும் ஃப்ரீசருக்குத் தனியாகக் குளிர் வர வழியில்லை, உருகத்தான் செய்யும்.

பிரிட்ஜின் உள்பக்கச் சுவரிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். கிளைமேட் கிளாஸ் என்று ஓர் எழுத்து இருக்கும். 'டி' என்றால் 16 முதல் 43 டிகிரி வரை சுற்றுப்புற வெப்பத்துக்குச் செய்தது. சென்னைக்கும் மதுரைக்கும் பொருத்தம். 'எஸ்என்' என்றால் 10 டிகிரி வரை தாங்கும். 'எஸ்என்-டி' என்று சேர்த்துப் போட்டிருந்தால் 10 முதல் 43 வரை. மலைக்கு வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இந்த எழுத்தை. கடைக்காரர் மின்சிக்கனத்துக்கான ஸ்டார் லேபிளைக் காட்டினால், ஸ்டார் வேறு இது வேறு என்று சொல்லுங்கள். ஃப்ரீசருக்குத் தனிக் காயில் உள்ள மாடலானால் இன்னும் நல்லது.

இப்போதைக்கு: குளிர்காலம்தானே என்று, குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கும் திருகை 1-ல் வைத்திருப்பீர்கள். அங்கேதான் தப்பு. 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள், கம்ப்ரசர் அடிக்கடி ஓடும். பிரிட்ஜை வெளிச்சுவர் ஓரத்திலிருந்து வீட்டின் நடு அறைக்கு மாற்றுங்கள்.

அந்த 4,800. பிரிட்ஜுக்குள் கேஸ் போகும் குழாய் முழுக்க அடைக்கப்பட்ட பாதை. ஓட்டை இல்லாமல் கேஸ் குறையாது. ஓட்டை எங்கே என்று காட்டாமல், அதை அடைக்காமல், இரண்டு முறை கேஸ் ஏற்றியவர் உங்களிடம் வாங்கியது கூலி இல்லை. பில் இருந்தால் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பில் இல்லையென்றால், அடுத்த முறையாவது பில் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

கேள்வி: புது கிரைண்டரில் அரைத்த மாவு மறுநாள் காலையிலும் பொங்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
*எஸ்.வி., கொடைக்கானல்*

பதில்: கிரைண்டர் பாவம். மாவு பொங்க 28, 30 டிகிரி வேண்டும். உங்கள் சமையலறையில் 14 இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். மாவுப் பாத்திரத்தை, வெந்நீர்ச் செம்பு ஒன்று வைத்த மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அப்படியும் முழு நாள் ஆகலாம்.

கேள்வி: குன்னூரில் வாங்கிய வீட்டில் பின்சுவர் முழுக்கப் பூசணம். இரண்டு முறை 'டேம்ப் புரூஃப்' பெயின்ட் அடித்தும் உரிந்துவிட்டது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா?
*பி.என்., குன்னூர்*

பதில்: பெயின்டுக்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் ஒட்டுங்கள். நான்கு விளிம்பையும் டேப் போட்டு அடைத்து இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி முத்து முத்தாக நின்றிருந்தால் ஓதம் மண்ணிலிருந்து வருகிறது. முன்பக்கம் துளி நின்றிருந்தால் அறையின் ஈரக்காற்றுதான் குளிர்ந்த சுவரில் படிகிறது.

பின்சுவர் என்கிறீர்கள், குன்னூர் என்கிறீர்கள். பெரும்பாலும் முதல் வகை. சரிவை வெட்டி அந்த வெட்டுக்குள்ளேயே வீட்டைச் சொருகியிருப்பார்கள். வெளியே மண் உங்கள் ஜன்னல் உயரத்துக்கு நிற்கும். உள்ளே எந்தப் பெயின்ட் அடித்தாலும் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், பெயின்ட் உப்பி உரியும். வேலை வெளியே இருக்கிறது: மண்ணுக்கும் சுவருக்கும் இடையே ஆள் நுழைகிற அகலத்துக்கு, இரண்டரை மூன்று அடி, இடைவெளி எடுக்க வேண்டும். அதன் தரை, வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக, ஒரு பக்கம் சரிவாக, வடிகால் வைத்திருக்க வேண்டும். மண்ணைத் தாங்கத் தனித் தடுப்புச்சுவர் வேண்டும். அதில் நான்கு, ஐந்து அடிக்கு ஒன்றாகத் தண்ணீர் வெளியேற 3 அங்குலக் குழாய்கள் வேண்டும். மண்ணைத் தோண்டும் முன் இன்ஜினியரை வைத்துப் பாருங்கள், வெயில் காலத்தில் மட்டும் செய்யுங்கள்.

மெஷின் விஷயம். பெட்டியில் '12 லிட்டர்' என்று போட்டிருந்தால் அது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. 15 டிகிரி அறையில் அதில் பாதிகூட வராது. குளிர் கூடினால் காயிலில் பனி பிடித்து, உறைந்ததை உருக்குவதிலேயே நேரம் போகும். இதைப் படிக்காமல் நானும் ஒன்று வாங்கினேன். இப்போது அதன்மேல் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, அவையும் ஈரமாகத்தான் இருக்கின்றன. வாங்கியே தீருவதானால் கம்ப்ரசர் இல்லாத, உலர்த்தும் சக்கரம் உள்ள வகையைக் கேளுங்கள். குளிரிலும் வேலை செய்யும், கரன்ட் கூடுதலாக இழுக்கும்.

கேள்வி: இரவில் கதவை மூடிக்கொண்டு கரி அடுப்பு வைத்தால் ஹீட்டர் செலவு மிச்சம் என்கிறார்கள்.
*டி.கே., கொடைக்கானல்*

பதில்: வைக்காதீர்கள். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். படுக்கும் முன் அரை மணி போட்டு அணைத்தால் ஒரே யூனிட். 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள்.

கேள்வி: 'ஊட்டி அருகே, ஆண்டு முழுவதும் சராசரி 15 டிகிரி, வேலி வியூ (பள்ளத்தாக்குக் காட்சி), 24 மணி நேரத் தண்ணீர், தார் ரோடு' என்ற விளம்பரத்தைப் பார்த்து 9 லட்சத்துக்கு மனை வாங்கினேன். ரோடும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜனவரியில் செடி எல்லாம் கருகிவிட்டது. கேட்டால் 'மலை என்றால் அப்படித்தான்' என்கிறார்கள்.
*ஏ.எஸ்., திருப்பூர்*

பதில்: இந்த 'சராசரி'யைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். ஜனவரியில் ஊட்டியில் பகல் 20-ஐத் தொடும், விடியற்காலை 5-க்கு வரும், சில நாள் புல்வெளியில் பூஜ்யத்துக்குப் போகும். இதையெல்லாம் கூட்டி, வகுத்து, மேயையும் சேர்த்துக் கலக்கினால் 15 வரும். அந்த 15 டிகிரியில் யாரும் குடியிருப்பதில்லை. மனிதன் குடியிருப்பது விடியற்காலை 5-லும் மத்தியானம் 20-லும். விளம்பரம் எழுதுகிறவருக்கு இது தெரியும். தெரியாமல் யாரும் சராசரியை எழுதுவதில்லை.

'வேலி வியூ'வும் அதே கதை. குளிர்ந்த காற்று கனமானது. தெளிந்த இரவில் சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சிப் பக்கம் உறைபனி அதிகம் விழுவது உயரத்தால் அல்ல, பள்ளத்தால். உங்கள் செடி கருகியதும் அதனால்தான். சரிவில் ஐம்பது அடி மேலே இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். 'அருகே' என்ற சொல்லுக்கோ எல்லையே இல்லை. மசினகுடியையும் அதற்குள் அடக்குகிறார்கள். அங்கே ஃபேன் இல்லாமல் தூங்க முடியாது.

இனி உங்கள் பணம். குளிருக்கு வழக்குப் போட முடியாது. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் போடலாம். வெறும் நிலத்தை விற்றால் அது நுகர்வோர் விவகாரம் ஆகாது, சிவில் நீதிமன்றம்தான். ஆனால் ரோடு, தண்ணீர் என்று வசதி செய்துதருவதாகச் சொல்லி லேஅவுட் போட்டு விற்றால் அது 'சேவை' என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விளம்பரத்தாள், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். முதலில் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் கெடு. பிறகு மாவட்ட ஆணையம். 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள், உங்களுக்குக் கட்டணம் 200 ரூபாய். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருப்பூரிலேயே தாக்கல் செய்யலாம், ஊட்டிக்கு அலைய வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இல்லாமல் விற்றிருந்தால் அங்கேயும் ஒரு புகார்.

கேள்வி: கூடலூரில் பாதி விலைக்கு இரண்டு ஏக்கர். பிரிவு 17 நிலம், 'சும்மா ஃபார்மாலிட்டி' என்கிறார்கள். கிளைமேட்டும் மிதம். வாங்கட்டுமா?
*ஆர்.டி., கோவை*

பதில்: கிளைமேட் மிதம்தான். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவில் மாட்டிய நிலம் மிதமில்லை. அந்த நிலம் யாருக்கு என்ற வழக்கு அரை நூற்றாண்டாக ஓடுகிறது. பாதி விலை ஏன் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, ஆஸ்துமா. தூய காற்றுக்காக ஊட்டிக்குக் கூட்டிவரலாமா?
*எம்.எல்., ஈரோடு*

பதில்: காற்று தூய்மைதான், ஆனால் மெலிது. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நுரையீரல் பலவீனமானவருக்கு அது தெரியும். மழை மாதங்களில் சுவர்ப் பூசணமும் இழுப்பைக் கிளப்பும். நுரையீரல் மருத்துவரிடம் உயரத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், 'மலைப்பிரதேசம்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பிறகு கோத்தகிரியில் பிப்ரவரியில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு இரவு இரண்டு மணிக்கு, மூடுபனியில், எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை காரை ஓட்டியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கீழே சமவெளியில் வைத்திருந்த 15 லிட்டர் கீசரை ஊட்டிக்குக் கொண்டுவந்தேன். பழுதாகிவிட்டதா? தண்ணீர் சூடாக ரொம்ப நேரம் ஆகிறது.
*வி.ஜி., ஊட்டி*

பதில்: பழுதில்லை. கீழே 27 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற 2,000 வாட்டுக்கு 17 நிமிடம். இங்கே குழாயில் வருவதே 10 டிகிரி. 26 நிமிடம் ஆகும். இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிப்பதானால் 25 லிட்டருக்கு மாறுங்கள். சோலார் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஜூலையில் வாரக்கணக்கில் வெயில் இராது, அதனால் மின் ஹீட்டர் சேர்ந்த மாடல்தான் வேண்டும். செப்புக் குழாய்த் தகடு உள்ளதில் தண்ணீர் நேராக ஓடினால் உறைபனி இரவில் குழாய் வெடிக்கும்.