வாசகர் கேள்வி: அந்தமானில் சூரியன் அவசரக்காரன்

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஐந்து நாள்தான். மாமியாருக்கு முழங்கால் வலி. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
வாசகி, குடியாத்தம்

முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள் அம்மா. அந்தமான் நம் வேலூருக்குக் கிழக்கே பதின்மூன்று டிகிரிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. மணி மட்டும் அதே இந்திய மணி. அதனால் டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு பீச்சுக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது, அஸ்தமனத்துக்குப் பேர்போனது. மூன்றரைக்கே போய் மணலில் உட்கார்ந்துவிடுங்கள். 2018-லிருந்து அந்தத் தீவுக்கு சுவராஜ் த்வீப் என்று பெயர். டிக்கெட்டில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

செல்லுலார் சிறையை மட்டும் விடாதீர்கள். 1906-ல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கட்டடங்கள் பிரிந்து போயின, இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு வரிசை அறைகளின் வாசல் அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடக் கூடாதாம்! தொரப்பாடி ஜெயில் மதிலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கே அங்கே நின்றபோது வயிற்றை என்னவோ செய்தது. மாமியார் மாடி ஏற வேண்டாம். முற்றத்தில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியை உட்கார்ந்தே பார்க்கலாம். இந்திக் காட்சியா, ஆங்கிலமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராஸ் தீவில் பேட்டரி வண்டி உண்டு, அதனால் அவரையும் கூட்டிப் போகலாம்.

விட வேண்டியது பாராடங் சுண்ணாம்புக் குகை. விடியுமுன் எழுந்து, வண்டி வரிசையில் காத்திருந்து, படகேறி, அப்புறம் காட்டுப் பாதையில் நடை. அந்த முழங்காலுக்கு வேண்டாம். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலமும் அப்படித்தான்: கடல் உள்வாங்கும் நேரத்தில் வழுக்குப் பாறைமேல் போக வேண்டும். நீங்கள் போய் வாருங்கள், அவர் கரையில் இளநீர் குடிக்கட்டும்.

பாராடங் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமா?
வாசகர், ராணிப்பேட்டை

அவர்கள் காட்சிப்பொருள் இல்லை சார். பாராடங் சாலை அவர்களுடைய காட்டுக்குள் போகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வண்டிகளைக் காவலோடு வரிசையாக அனுப்புகிறார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் வழக்கு. "காட்டித் தருகிறேன்" என்று சொல்லும் டிரைவரை அங்கேயே மாற்றிவிடுங்கள்.

கப்பலில் போனால் மிச்சமாகுமே?
வாசகர், ஆற்காடு

பணம் மிச்சமாகலாம், லீவு மிஞ்சாது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போகவே ஏறக்குறைய மூன்று நாள். விமானம் இரண்டு மணி நேரச் சொச்சம். ரிட்டயர் ஆனவர், கடல் ஒத்துக்கொள்கிறவர் என்றால் தாராளமாகக் கப்பலேறுங்கள்.